கொழும்பிலிருந்து கைத்தொழில், உற்பத்திப் பொறியியல் முதுமாணி: எந்த வேலை முதலில், எது பிறகு

பியகம பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டே நான் இந்தப் பட்டத்தைப் படித்து முடித்தேன். அதற்குப் பிறகு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் எத்தனையோ தம்பி தங்கச்சிமாரின் விண்ணப்பக் கோப்புகள் விரிந்திருக்கின்றன. அவர்களில் கெட்டிக்காரத்தனம் போதாமல் யாரும் சறுக்கியதை நான் பார்க்கவில்லை. சறுக்கியது எல்லாம் வரிசையில்தான். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதி, முகவரைப் பார்த்து, பல்கலைக்கழகப் பட்டியல் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு "நான் உண்மையில் எதைப் படிக்கப் போகிறேன்?" என்று கேட்பார்கள். அதற்குள் பாதிக் காசும் முக்கால்வாசி நேரமும் போயிருக்கும்.

கீழே இருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள். வெளிநாடு என்றால் வகுப்பு தொடங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பே முதல் படியைத் தொடங்க வேண்டும். உள்ளூர் என்றால் ஆறு, ஏழு மாதம் போதும்.

1. உங்களை உறுத்தும் ஒரு தொழிற்சாலைக் கேள்வியைப் பிடியுங்கள்

பட்டத்தின் பெயரில் இரண்டும் சேர்ந்து வந்தாலும் கைத்தொழில் பொறியியல் வேறு, உற்பத்திப் பொறியியல் வேறு. உற்பத்திப் பொறியியல் ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று பார்க்கும். வெட்டுதல், வார்ப்பு, மோல்டிங், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம், முப்பரிமாண அச்சு, அளவுத் துல்லியம் எல்லாம் அதற்குள் வரும். கைத்தொழில் பொறியியல், ஆளும் இயந்திரமும் பொருளும் நேரமும் சேர்ந்து ஓடும் ஒழுங்கைப் பார்க்கும். லைன் பாலன்சிங் (லைனில் வேலையைச் சமமாகப் பிரிப்பது), கையிருப்பு, தரக் கட்டுப்பாடு, சிமுலேஷன் (வேலை ஓடுவதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது), செயற்பாட்டு ஆய்வு (முடிவுகளைக் கணிதத்தால் எடுப்பது), எர்கொனொமிக்ஸ் (வேலையை ஆளின் உடம்புக்கு ஏற்ப அமைப்பது) அந்தப் பக்கம்.

எந்தப் பக்கம் உங்களுக்கு என்று இணையத்தில் தேடி முடிவெடுக்க முடியாது. ஒரு கொப்பியை எடுத்து, இரண்டு வாரம் வேலைத்தளத்தில் உங்களுக்குப் புரியாத ஒவ்வொன்றையும் எழுதுங்கள். தைக்கும் உடுப்பின் ஸ்டைல் மாறிய பிறகு லைன் பழைய வேகத்துக்குத் திரும்ப ஏன் மூன்று நாள் எடுக்கிறது? மோல்டிங் இயந்திரத்தில் ஷிஃப்ட் தொடங்கி முதல் அரை மணி நேரம் ஏன் இவ்வளவு ரிஜெக்ட்? ஸ்டோரில் ஒரு நூல் மலைபோல் குவிந்திருக்க, இன்னொன்று ஏன் எப்போதும் தீர்ந்துபோகிறது?

முதல் கேள்வி, பழகப் பழக வேகம் கூடுவதைக் காட்டும் பழகு வளைகோட்டுக்கும் லைன் பாலன்சிங்குக்கும் உங்களைக் கொண்டுபோகும். இரண்டாவது, செயன்முறைக் கட்டுப்பாட்டுக்கும் பரிசோதனை வடிவமைப்புக்கும் உரியது. மூன்றாவது கையிருப்புக் கணக்கு. உங்கள் கொப்பியில் எந்த வகைக் கேள்வி அதிகமோ அதுதான் உங்கள் பக்கம்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும் பாடநெறித் தெரிவு, பேராசிரியர் தெரிவு, ஏன் படிக்க விரும்புகிறேன் என்று எழுதும் நோக்கக் கூற்று, ஆய்வுத் தலைப்பு என்ற நான்கும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் முளைக்கும். இன்னும் தொழிற்சாலைக்குப் போகாதவர்கள் தங்கள் கைத்தொழில் பயிற்சிக் கால நாட்குறிப்பைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு கேள்வியாவது இருக்கும்.

அடிக்கடி காணும் பிழை ஒன்று. "நான் மனேஜராக வேண்டும்" என்பதற்காக இந்தத் துறைக்கு வருவது. அந்த ஆசையில் குறை எதுவும் கிடையாது. ஆனால் அதற்கு முகாமைத்துவப் பட்டம் பொருத்தம். இங்கே வந்தால் முதல் தவணையிலேயே நிகழ்தகவும் நேரியல் திட்டமிடலும் முன்னால் வந்து நிற்கும். அவற்றில் விருப்பம் இல்லாதவர்களுக்கு இரண்டு வருடம் மிக நீளமானது.

2. எந்த மட்டப் பட்டம் என்று தீர்மானியுங்கள்

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், 20 கிரெடிட். பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், 25 கிரெடிட். பாடங்களால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். பாடமும் ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம். அதற்கு 60 கிரெடிட் வேண்டும், அதில் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வாக இருக்க வேண்டும். முழுக்க ஆய்வான முதுதத்துவமாணி 11, கலாநிதி 12.

இந்த எண்களைப் பார்க்காமல் "மாஸ்டர்ஸ்தானே" என்று சேர்ந்துவிடுகிறார்கள். தொழிற்சாலையிலேயே மேலே போவதுதான் உங்கள் எண்ணம் என்றால் 9ஆம் மட்டம் தாராளமாகப் போதும். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கவோ கலாநிதிப் பட்டத்துக்குப் போகவோ நினைத்தால் 10க்குக் கீழே இறங்க வேண்டாம். ஆய்வுப் பகுதி இல்லாத பட்டத்தோடு பின்னால் அந்தக் கதவைத் தட்டும்போது, இன்னொரு முதுமாணி செய்துவிட்டு வரச் சொல்லக்கூடும்.

ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 50 மணி நேர உழைப்பு, விரிவுரையும் வீட்டில் படிப்பதும் சேர்த்து. 30 கிரெடிட் என்றால் 1,500 மணி நேரம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் கிழமைக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் மனைவியோடு, கணவனோடு, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். நான் போடவில்லை. முதல் ஆறு மாதம் வீடு மிகவும் கஷ்டப்பட்டது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல், பொறியியல் பட்டங்களை நாடுகள் தமக்குள் ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு. அந்த உடன்படிக்கை இளமாணிப் பொறியியல் பட்டத்தைப் பற்றியது. ஒரு முதுமாணி எடுத்ததால் மட்டும் பட்டயப் பொறியியலாளர் ஆகிவிட முடியாது. அடிப்படைப் பட்டம் பொறியியலாக இல்லாதவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

3. உள்ளூரா, வெளிநாடா

கொழும்பில் வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்களின் கண் முதலில் போவது கட்டுபெத்தவில் உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு. இயந்திரப் பொறியியல் துறை, ஆடை, புடைவைப் பொறியியல் துறை, போக்குவரத்து முகாமைத்துவமும் வழங்கல் பொறியியலும் சார்ந்த துறை என்று நம் விடயத்தைத் தொடும் துறைகள் அங்கே பல. ஆகவே ஒரு துறையின் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "எனக்கு ஏற்றது இல்லை" என்று திரும்ப வேண்டாம். நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் தொழினுட்ப பீடம் தொலைக்கல்வி முறையில் இயங்குகிறது. பேராதனையில் உற்பத்தி, கைத்தொழில் பொறியியல் என்ற பெயரிலேயே ஒரு துறை உண்டு. ஆனால் கொழும்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். வாராவாரம் கண்டிக்கு ஏறி இறங்க உடம்பில் பலம் வேண்டும்.

எல்லாப் பாடநெறிகளும் எல்லா வருடமும் திறக்கப்படுவதில்லை. அதனால் விளம்பரத்துக்காகக் காத்திருக்காமல் துறைக்கு நேரே தொலைபேசி எடுத்து "அடுத்த தொகுதி எப்போது, வகுப்பு எந்த நாளில்" என்று கேளுங்கள். விளம்பரம் பெரும்பாலும் ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும்தான் வரும். தமிழ்ப் பத்திரிகை மட்டும் வாங்கும் வீடுகளில் அது கண்ணில் படாமலே போய்விடும்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். வெள்ளவத்தை, தெகிவளை, இரத்மலானைக்காரருக்குக் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் ஏறினால் கட்டுபெத்தச் சந்தியில் இறங்கலாம். கட்டுநாயக்கவிலோ சீதாவக்கையிலோ வேலை செய்பவருக்கு வார நாள் மாலை வகுப்பு சரிவராது. வார இறுதி வகுப்பு உள்ள பாடநெறியை மட்டுமே தேடுங்கள். வகுப்பைப் பாதியில் விட்டவர்களில் எனக்குத் தெரிந்த பலர் பயணத்தால்தான் விட்டார்கள்.

வெளிநாடு என்றால் பெயரைப் பார்த்துத் தேடும் முறை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பென் ஸ்டேட், வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் கைத்தொழில், உற்பத்திப் பொறியியல் என்ற பெயரிலேயே துறைகள் உண்டு. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட், வாரிக் போன்ற இடங்களில் ஒரு வருடப் பட்டம். தாய்லாந்தில் பாங்கொக்குக்கு வடக்கே உள்ள ஆசியத் தொழினுட்ப நிறுவகத்தில், அதாவது ஏஐடியில், இதே பெயரில் முதுமாணி இருக்கிறது. வருடத்துக்கு ஜனவரி, ஆகஸ்ட் என்று இரண்டு தொகுதி. தூரமும் செலவும் குறைவு என்பதால் நம் பிள்ளைகள் ஏஐடியைக் கட்டாயம் பட்டியலில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பட்டியல் ஆறைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பெரும்பாலும் கட்டணம், தனிக் கூற்று, இரண்டு மூன்று பரிந்துரைக் கடிதம் உண்டு. பதினைந்து இடத்துக்கு அனுப்பியவர்கள் பதினைந்தையும் அரைகுறையாக அனுப்பியதையே பார்த்திருக்கிறேன்.

4. பெயரையும் பத்திரங்களையும் இப்போதே சரிபாருங்கள்

நம் ஆட்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ ஓர் ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதியிருப்பார். அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும், கடவுச்சீட்டில் அது முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். ஒரே ஆள்தான். ஆனால் வெளிநாட்டில் கோப்பைத் திறக்கும் அலுவலருக்கு அது இரண்டு ஆள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் 'எச்' இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால்கூடக் குறித்து வையுங்கள். கடவுச்சீட்டில் எப்படியோ அப்படியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். விசாவும் பரீட்சைப் பதிவும் அதைப் பார்த்துத்தான் நடக்கும். வேறுபாடு இருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி எடுத்து, எல்லாப் பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெறுபேற்றுப் பட்டியலில் முதலெழுத்து விரிக்கப்படாமல் இருந்தது. விண்ணப்பித்த இடத்திலிருந்து கேள்வி வந்து, நான் இங்கே திருத்தம் எடுத்து அனுப்புவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. கடைசித் திகதிக்குச் சில நாட்களே மிச்சம் இருந்தன. அந்தப் பதற்றம் யாருக்கும் வேண்டாம்.

அடுத்து பெறுபேற்றுப் பட்டியல். பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளையிலிருந்து முத்திரையிட்ட உறையில் ஐந்து பிரதியாவது எடுங்கள். ஒன்று திறக்கப்பட்டால் அதன் மதிப்புப் போய்விடும், அதனால் எண்ணிக்கை கொஞ்சம் கூடவே இருக்கட்டும். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையிலும் டிசம்பர் கடைசியிலும் எந்த அலுவலகத்திலும் வேலை நகராது. அந்த நாட்களைத் தவிர்த்துக் கேளுங்கள்.

பாடத்திட்ட விவரம் உள்ள பக்கங்களையும் சேர்த்து எடுங்கள். நீங்கள் எத்தனை கணிதப் பாடம், எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று சில நாடுகள் நுணுக்கமாகப் பார்க்கும். ஆங்கில மூலம் படித்ததற்கான கடிதமும் அதே பயணத்தில் வாங்கிவிடுங்கள். சில இடங்கள் ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக அதை ஏற்கும்.

ஜிபிஏயை, அதாவது உங்கள் சராசரிப் புள்ளியை, நீங்களாக மாற்றி எழுத வேண்டாம். மொறட்டுவையில் ஏ பிளஸுக்கு 4.2. அமெரிக்காவில் பெரும்பாலும் உச்சம் 4.0. "3.5" என்று மட்டும் எழுதாமல் "4.2இல் 3.5" என்று எழுதுங்கள். மாற்றுவது அவர்கள் வேலை. நீங்கள் மாற்றி எழுதிய எண்ணும் பெறுபேற்றுப் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுறுதி எடுப்பதற்குப் பத்தரமுல்லை சுகுருபாயவுக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் விண்ணப்ப நேரத்தில் பல பல்கலைக்கழகங்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் மட்டும் போங்கள்.

5. கணிதத்தை மீட்டெடுங்கள்

வேலைக்குப் போய் நான்கைந்து வருடம் ஆனவர்களுக்கு இது மிக அவசியம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். லைனுக்குள் எந்த நேரமும் 240 உடுப்பு நிற்கிறது. மணிக்கு 60 வெளியே போகிறது. ஓர் உடுப்பு லைனுக்குள் எவ்வளவு நேரம் இருக்கும்? நான்கு மணி நேரம். உள்ளே நிற்கும் எண்ணிக்கையை வெளியேறும் வேகத்தால் வகுக்கும் இந்தக் கணக்குக்கு லிட்டில் விதி என்று பெயர். விடை உடனே வந்ததா, அது ஏன் சரி என்று இன்னொருவருக்கு விளக்க முடியுமா என்று பாருங்கள்.

படிக்கும் ஒழுங்கு: நிகழ்தகவு, புள்ளிவிவரவியல், பிறகு நேரியல் திட்டமிடல், அப்புறம் சிமுலேஷன். நிகழ்தகவு முதலில் வருவதற்குக் காரணம், வரிசைக் கோட்பாடும் தரக் கட்டுப்பாட்டு அட்டையும் கையிருப்புக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கின்றன. பலர் நேரே சிமுலேஷன் மென்பொருளைத் திறந்து படம் ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். உள்ளே எந்த நிகழ்தகவுப் பரம்பலைப் போட்டோம், ஏன் போட்டோம் என்று கேட்டால் பதில் வராது.

கூடவே பைதன் கொஞ்சம் பழகுங்கள். எக்ஸெலில் செய்யும் உங்கள் தினசரி உற்பத்தி அறிக்கையைப் பைதனில் செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த எண்கள் என்பதால் பிழை விட்டால் உடனே தெரியும்.

6. பரிந்துரை தருபவர்களை மூன்று மாதம் முன்பே கேளுங்கள்

இரண்டு விரிவுரையாளர், ஒரு தொழிற்சாலை மேலதிகாரி என்பது நல்ல சேர்க்கை. ஆய்வுப் பட்டம் என்றால் இறுதி வருட ஆய்வை மேற்பார்த்தவர் கட்டாயம் வேண்டும். நீங்கள் தனியாக யோசிப்பதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி ஓடாதீர்கள். உங்கள் பெயரே நினைவில்லாத பணிப்பாளர் எழுதும் நான்கு வரியைவிட, லைனில் உங்களோடு நின்ற புரொடக்ஷன் மனேஜர் எழுதும் ஒரு பக்கம் பத்து மடங்கு பெறுமதி.

கேட்கப் போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். எந்த வருடம் அவரிடம் படித்தேன், என்ன புள்ளி, என்ன செய்தேன், எங்கே விண்ணப்பிக்கிறேன், கடைசித் திகதி எது என்று அதில் இருக்கட்டும். "'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன்' என்று சேர் சொன்னார், என்ன செய்ய?" என்று என்னைக் கேட்கிறார்கள். அந்தத் தாளையே நீட்டி, "இந்தக் குறிப்பை வைத்து நீங்கள் எழுதினால் நல்லது சேர்" என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால் வாசிப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

கம்பனியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ பல்கலைக்கழக முகவரியிலிருந்தோதான் கடிதம் போக வேண்டும். தனிப்பட்ட ஜிமெயில் முகவரியைப் பல இடங்கள் ஏற்பதில்லை.

7. பரீட்சைகள்

ஐஇஎல்டிஎஸ் பெறுபேறு இரண்டு வருடம் செல்லும், பட்டப்பின் படிப்புக்குச் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் பொதுத் திறன் பரீட்சையான ஜிஆர்இ ஐந்து வருடம். அதனால் ஜிஆர்இயை முன்னே, ஐஇஎல்டிஎஸ்ஸைப் பின்னே எழுதுங்கள். பலர் மாற்றிச் செய்து, விசா எடுக்கும் நேரத்தில் ஆங்கிலப் பெறுபேறு காலாவதியாகிறது. நீங்கள் தெரிந்தெடுத்த ஆறில் எதுவும் ஜிஆர்இ கேட்கவில்லை என்றால் எழுதவே வேண்டாம். பல துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன. பட்டியல் போட்ட பிறகு பரீட்சைக்குப் பதியச் சொல்வது இதற்காகத்தான்.

8. நோக்கக் கூற்றை எண்களோடு எழுதுங்கள்

"சின்ன வயதிலிருந்தே இயந்திரங்கள் மேல் எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கூற்றுகளை எத்தனையோ முறை திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டுக் கொப்பியில் எழுதிய உங்கள் கேள்வியைப் போடுங்கள்.

ஓர் உதாரணம். 30 பேர் உள்ள லைன். நாளுக்கு 540 நிமிடம். அந்த ஸ்டைலின் எஸ்எம்வி, அதாவது ஓர் உடுப்புக்குக் கணக்கிட்ட வேலை நேரம், 18 நிமிடம். நாளொன்றுக்கு 600 உடுப்பு வெளியே போகிறது. 600ஐ 18ஆல் பெருக்கினால் 10,800 நிமிடம். இருப்பது 30 பெருக்கல் 540, அதாவது 16,200 நிமிடம். வினைத்திறன் 67 வீதம். கொலர் பகுதியில் வேலை தேங்குவதைக் கண்டு இரண்டு ஒப்பரேஷனைப் பிரித்து வைத்த பிறகு 690 உடுப்பு. வினைத்திறன் 77 வீதம். ஸ்டைல் மாறியதும் அந்த முன்னேற்றம் கரைந்துபோனது. ஏன்?

அந்த "ஏன்" தான் உங்கள் கூற்றின் நடு. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் கையால் சமன் செய்யாமல் முன்கூட்டியே கணிக்க ஒரு முறை வேண்டும், அதற்கு எனக்கு சிமுலேஷனும், மிகச் சிறந்த ஒழுங்கைக் கணக்கால் கண்டுபிடிக்கும் உகப்பாக்கமும் தெரிய வேண்டும், உங்கள் துறையில் அதை இன்னாரின் ஆய்வுக்குழு செய்கிறது என்று எழுதிப் பாருங்கள். உங்கள் கூற்றை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

புள்ளி குறைந்த தவணை ஏதாவது இருந்தால் இரண்டு வரியில் காரணம் சொல்லிவிட்டு நகருங்கள். ஒளித்தால் சந்தேகம் வரும், நீட்டினால் புலம்பலாகும். வாடிக்கையாளர் பெயர், விலை, உள் ஆவணம் எதையும் எழுத வேண்டாம். கம்பனி இரகசியத்தை வெளியே சொல்பவரை எந்த ஆய்வுக்கூடமும் நம்பாது.

9. ஆய்வுப் பட்டம் என்றால் பேராசிரியருக்கு மடல்

பாடநெறி முதுமாணிக்கு இது தேவையில்லை. ஆய்வுக்கு என்றால், அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றை முழுக்க வாசித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியோடு எட்டு, பத்து வரி எழுதுங்கள். ஒரே மடலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பது பேரும் அழித்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் போதும்.

10. காசு

அமெரிக்கத் துறைகளில் உதவி ஆசிரியர், ஆய்வு உதவியாளர் இடங்கள் உண்டு. கிடைத்தால் பொதுவாகப் படிப்புக் கட்டணத்தில் முழுதோ பெரும்பகுதியோ கழிந்து மாதக் கொடுப்பனவும் வரும். இவை முதலில் கலாநிதி மாணவர்களுக்கே போகும். முதுமாணி மாணவர்களுக்கு உறுதி சொல்ல முடியாது. உதவித்தொகை கேட்பவர்களுக்கான கடைசித் திகதி சாதாரணத் திகதியைவிட முன்னதாக, பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். அதைத் தனியாகப் பாருங்கள்.

புலமைப்பரிசில்களில் கொழும்பு 3இல் உள்ள அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு முதுமாணிக்கு வாய்ப்புத் தருகிறது. இங்கிலாந்தின் செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், அதாவது 2,800 மணி நேரம். படித்து முடித்து இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் வளர்ச்சி சார்ந்த பாடநெறிகளுக்கும் இரண்டு வருட அனுபவம் தேவை. அதோடு கடைசிப் பட்டம் பொதுவாக ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பட்டம் எடுத்து இரண்டாம் வருடத்துக்கும் ஐந்தாம் வருடத்துக்கும் இடையில் விண்ணப்பிப்பதே தோதான காலம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சொந்தக் காசில் போவதானால், அனுமதிக் கடிதம் வந்ததும் வங்கியில் மாணவர் கோப்புத் திறந்து கட்டணத்தை அதன் வழியாக அனுப்புங்கள். விசாவுக்காகக் கடைசி நேரத்தில் யாரிடமோ வாங்கிக் கணக்கில் போட்ட பெருந்தொகை நேர்முகத்தில் முதல் கேள்வியாக வரும். காசு எங்கிருந்து வந்தது என்று காட்டும் பத்திரம் இல்லாமல் கணக்கில் எதையும் போடாதீர்கள்.

உள்ளூரில் படிப்பவர்கள் கம்பனியிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பாதிக் கட்டணம் தரும் இடங்கள் உண்டு. தந்தால் பெரும்பாலும் பிணைமுறி இருக்கும். எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், கம்பனியே உங்களை நிறுத்தினால் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள்.

11. பதில் வந்த பிறகு

அமெரிக்கப் பட்டதாரிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை நிதியுதவியோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருகின்றன. நமக்கு அது புத்தாண்டுக்கு மறுநாள். வீட்டில் பலகாரமும் சொந்தக்காரருமாக இருக்கும் நேரம். முடிவை ஏப்ரல் முதல் கிழமையிலேயே எடுத்து அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் பல்கலைக்கழகம் அவசரப்படுத்தினால் "15 வரை யோசிக்கலாமா" என்று கேட்பதில் தவறில்லை.

முகவர்கள் ஓர் அனுமதிக் கடிதத்தைக் காட்டி "இன்றைக்கே கட்டினால்தான் இடம்" என்பார்கள். கட்டணத் திகதியைப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். மூலப் பத்திரங்களை எந்த முகவரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

வேலையிலிருந்து விலகும் கடிதத்தை விசா கைக்கு வந்த பிறகே கொடுங்கள். அனுமதி வந்த சந்தோஷத்தில் விலகிவிட்டு, விசா பிந்தி, அடுத்த தவணை வரை வீட்டில் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

12. ஆய்வுத் தரவுக்கு எழுத்தில் அனுமதி

உள்ளூரில் வேலையோடு படிப்பவர்களுக்கான கடைசிப் படி இது. பதிந்த முதல் மாதமே செய்ய வேண்டும். உங்கள் ஆய்வு உங்கள் தொழிற்சாலைத் தரவில்தான் நிற்கும். மேலதிகாரி வாயால் "பிரச்சினை இல்லை, எடு" என்பார். ஒன்றரை வருடம் கழித்து அவர் வேறு கம்பனிக்குப் போயிருப்பார். வந்தவர் "எண்களை வெளியே கொடுக்க முடியாது" என்பார். அந்த நேரத்தில் தலைப்பை மாற்றுவது என்றால் ஒரு வருடம் போய்விடும்.

ஆகவே ஒரு பக்கக் கடிதம் தயாரியுங்கள். எந்தத் தரவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, கம்பனி பெயர் மறைக்கப்படும், உண்மையான எண்களுக்குப் பதிலாக ஒரு மாறிலியால் பெருக்கிய எண்கள் வெளியிடப்படும், ஆய்வேட்டின் வரைவு சமர்ப்பிக்க முன் கம்பனிக்குக் காட்டப்படும் என்று அதில் இருக்க வேண்டும். மாறிலியால் பெருக்கினால் விகிதங்கள் மாறாது, ஆகவே உங்கள் முடிவுகளும் கெடாது. மனிதவளப் பிரிவும் தொழிற்சாலை முகாமையாளரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று மேற்பார்வையாளரிடமும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

லைனில் நேரம் அளக்கப் போகிறீர்கள் என்றால் அங்கே வேலை செய்யும் பெண்களிடமும் முதலில் கதையுங்கள். ஸ்டொப்வொச்சோடு ஒருவர் பின்னால் வந்து நின்றால் டார்கெட்டை ஏற்றப் போகிறார்கள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அப்போது கை வேகமும் மாறும், நீங்கள் எழுதும் நேரமும் பொய்யாகும். என்ன செய்கிறீர்கள், அது யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று சொல்லுங்கள். தமிழில் கேட்பவருக்குத் தமிழிலும் சிங்களத்தில் கேட்பவருக்குச் சிங்களத்திலும். முதல் இரண்டு நாள் எழுதிய நேரங்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.